தலை ஒடிந்த கிட்டாருக்கு முதல் ஒட்டு



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மிகச் சிறிய ஓர் இடத்தைப் பற்றி. கிட்டாரின் நீண்ட கழுத்து முடிந்து, டியூனிங் கீகள் பொருத்திய தலை தொடங்குகிற இடம் அது. எலும்பிலோ பிளாஸ்டிக்கிலோ செய்த ‘நட்’டின் மேல் ஆறு கம்பிகளும் ஏறித் தலைக்குப் போகின்றன. அந்த நட்டுக்கு நேர் பின்னே, கழுத்தின் முதுகில், இரண்டு மூன்று விரற்கடை தூரம்தான் அந்த இடம். கீழே விழுந்த கிட்டார் என்று சொல்லி யாராவது என் பட்டறைக்கு வந்தால், வேறு எதைப் பார்ப்பதற்கும் முன்னால் என் கட்டைவிரல் அங்கேதான் போகும். மெல்லிய ஒரு கீறல் நகத்தில் தட்டுப்படும். கம்பியை முறுக்கினால் அந்தக் கீறல் வாய் திறக்கும், தளர்த்தினால் மூடிக்கொள்ளும். கொண்டுவந்தவர் முகம் வாடிப்போய் நிற்பார். கிட்டார் போய்விட்டது என்று நினைத்திருப்பார்.

போகவில்லை. இதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். தலை ஒடிந்த கிட்டார்களில் மிகப் பலவற்றை, மறுபடி அதே இடத்தில் ஒடியாத அளவுக்கு உறுதியாக ஒட்டிவிடலாம். ஆனால் அந்த வாய்ப்பு முதல் தடவைதான் முழுசாகக் கிடைக்கிறது. ஒடிந்த மரத்துக்குள் முதலில் போகிற பசை எது, அதை வைத்தவர் யார், எப்படி வைத்தார் என்பதில்தான் அந்த வாத்தியத்தின் எதிர்காலம் இருக்கிறது.

ஏன் அங்கேயே ஒடிகிறது என்பதை முதலில் பார்ப்போம். காரணம் புரிந்தால் வைத்தியமும் புரியும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலாமசூ என்றோர் ஊர். 1902இல் கிப்சன் நிறுவனம் அங்கே தொடங்கியது. 1952இல் லெஸ் பால் என்ற எலெக்ட்ரிக் கிட்டாரை அது சந்தைக்குக் கொண்டுவந்தது. ராக் இசை கேட்ட எவரும் அதன் உருவத்தைப் பார்த்திருப்பார்கள். தலை ஒடிதல் என்ற பேச்சு எடுத்தாலே கிட்டார்க்காரர்கள் இந்த மாடலின் பேரைத்தான் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

லெஸ் பாலின் கழுத்தும் தலையும் ஒரே மஹாகனிப் பலகையிலிருந்து அறுத்து எடுக்கப்படுகின்றன. தலை கழுத்துக்கு நேர்க்கோட்டில் இருப்பதில்லை. பின்பக்கமாகச் சுமார் 17 டிகிரி சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வு இருந்தால்தான் கம்பிகள் நட்டின் மேல் நன்றாக அழுந்திக் கிடக்கும், சுருதி துல்லியமாகப் பேசும். வாத்திய அமைப்பில் இது பழைய, நல்ல வழி. சிக்கல் மரத்தின் நார் ஓட்டத்தில் வருகிறது. நார்கள் கழுத்தின் நீளத்துக்கு இணையாக, நேராக ஓடுகின்றன. தலையோ சாய்ந்து திரும்பிவிடுகிறது. நார் திரும்புவதில்லை. அது தன் வழியே நேராகப் போய்த் தலையின் முகப்புப் பக்கத்தில் வெட்டுப்பட்டு முடிந்துவிடுகிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். தலையின் தடிமன் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர். 17 டிகிரி சாய்வில் அந்தத் தடிமனைக் கடக்கிற ஒரு நாரின் நீளம் 5 சென்டிமீட்டர்தான் வரும். கழுத்தில் இரண்டு அடிக்கு நீளமாக ஓடுகிற அதே மரம், தலைக்குள் ஐந்து சென்டிமீட்டர்த் துண்டு நார்களாகிவிடுகிறது. விறகு பிளப்பவரைக் கேளுங்கள். கோடரியை நார் போகிற வாக்கில் போட்டால் ஒரே அடியில் பிளக்கும் கட்டை, குறுக்கே போட்டால் அசையாது. கிட்டார்த் தலையில் அந்தப் பிளக்கிற வாக்கு, ஒரு பக்கத் தோலிலிருந்து மறுபக்கத் தோலுக்குக் குறுக்காகப் போய்விடுகிறது.

இத்தோடு முடியவில்லை. கழுத்து வளையாமல் இருக்க அதற்குள் ஓர் எஃகுக் கம்பி ஓடுகிறது. ‘ட்ரஸ் ராட்’ என்பார்கள். கிப்சனில் வேலை பார்த்த தேடியஸ் மெக்ஹ்யூ கண்டுபிடித்தது. 1923இல் காப்புரிமை வழங்கப்பட்டது. கிட்டார் வரலாற்றில் மிகப் பெரிய முன்னேற்றங்களில் ஒன்று அது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை முறுக்குகிற மரை எங்கே இருக்கிறது? நட்டுக்குப் பின்னால், தலை தொடங்குகிற அதே இடத்தில். சாவி நுழைய வேண்டும் என்று அங்கே மரத்தைக் குடைந்து எடுத்திருக்கிறார்கள். கழுத்தே மெலிந்து, நார் குறுகி நிற்கிற இடத்தில், உள்ளேயும் பள்ளம். கம்பிக்கும் முதுகுக்கும் நடுவில் மிஞ்சுகிற மரம் சில மில்லிமீட்டர்தான்.

இப்போது சுமையைப் பாருங்கள். எலெக்ட்ரிக் கிட்டாரில் வழக்கமான மெல்லிய செட் கம்பிகளைச் சுருதி கூட்டினால், ஆறும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு சுமார் 45 கிலோ. அகூஸ்டிக் கிட்டாரில் 70 கிலோவைத் தாண்டும். அந்த இழுப்பு தலையை முன்பக்கமாக, அதாவது கம்பி இருக்கிற பக்கமாக வளைக்கப் பார்க்கிறது. அதனால் முதுகுப் பக்க மரம் எந்நேரமும் விறைப்பில் இருக்கிறது. கிட்டார் மல்லாக்க விழுந்தால், பின்னால் சாய்ந்திருக்கிற தலைதான் தரையில் முதலில் மோதுகிறது. தரை அதை எந்தத் திசையில் தள்ளுகிறது? கம்பிகள் ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருக்கும் அதே முன்பக்கத்துக்கு. இரண்டும் ஒன்றுசேர்ந்தால் ஐந்து சென்டிமீட்டர் நார் என்ன செய்யும்?

பெட்டிக்குள் பத்திரமாக இருந்த கிட்டார் எப்படி ஒடிந்தது என்று வியக்கிறவர்கள் உண்டு. பெட்டி சாய்ந்து விழும்போது உடல் சட்டென்று நின்றுவிடுகிறது. உலோகக் கீகள் ஆறு ஏறியிருக்கிற தலை நிற்பதில்லை. தன் வேகத்தில் ஓர் ஆட்டம் ஆடிவிடுகிறது. பெட்டியின் வெளியே ஒரு கீறல்கூட இருக்காது, உள்ளே தலை ஒடிந்து கிடக்கும்.

இதைத் தவிர்க்க வழியே இல்லையா என்று கேட்டால், வழிகள் கிப்சனுக்கு முன்பே இருந்தன. ஸ்பெயின் நாட்டுக் கிட்டார்த் தச்சர்கள் தலையைத் தனித் துண்டாக அறுத்து, கழுத்தோடு சாய்வான இணைப்பாக ஒட்டினார்கள். அப்படிச் செய்தால் தலையின் நார் தலையின் நீளத்துக்கு ஓடும், கழுத்தின் நார் கழுத்தின் நீளத்துக்கு ஓடும். இரண்டும் சந்திப்பது அகலமான பசைப் பரப்பில். இன்று விலை குறைந்த பல தொழிற்சாலைக் கிட்டார்களில் இந்த இணைப்பைக் காணலாம். கழுத்தின் முதுகில் குறுக்கே ஒரு மெல்லிய கோடு தெரியும். மலிவாகச் செய்திருக்கிறார்கள் என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். சிக்கனம் அதில் இருப்பது உண்மை. அகலப் பலகை வேண்டியதில்லை. ஆனால் உறுதியும் அதில்தான் இருக்கிறது. பத்தாயிரம் ரூபாய்க் கிட்டாரின் தலை, அதைப் போலப் பல மடங்கு விலையுள்ள கிட்டாரின் தலையைவிட நல்ல நார் ஓட்டத்தோடு இருப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

பென்சில்வேனியாவின் நாசரேத்தில் இயங்கும் மார்ட்டின் நிறுவனமும் 19ஆம் நூற்றாண்டில் தலையைத் தனியே செய்துதான் பொருத்தியது. அந்த இணைப்புக்குப் பின்னே வைர வடிவில் ஒரு புடைப்பு விட்டார்கள். பிறகு கழுத்தை ஒரே துண்டாக அறுக்கத் தொடங்கியும், சில மாடல்களில் அந்தப் புடைப்பை அழகுக்காக வைத்துக்கொண்டார்கள். மார்ட்டினைப் பற்றிப் பேசும்போது நமக்குத் தொடர்புள்ள ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரேசில் ஈட்டி மரம் கிடைப்பது அரிதானதும், 1969இல் அந்த நிறுவனம் இந்திய ஈட்டிக்கு மாறியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம் அது. உலகமெங்கும் வாசிக்கப்படுகிற கணக்கற்ற கிட்டார்களின் முதுகும் ஃபிங்கர்போர்டும் நம் மலையில் வளர்ந்தவை.

கலிஃபோர்னியாவின் லியோ ஃபெண்டர் சிக்கலையே வேறு விதமாகத் தீர்த்தார். 1950இல் அவர் கொண்டுவந்த கிட்டாரில் தலைக்குச் சாய்வே கிடையாது. கழுத்து மேப்பிள் பலகை. தலையும் அதே தளத்தில், கொஞ்சம் மட்டும் தாழ்த்தி வெட்டப்பட்டது. நார் கழுத்தின் அடியிலிருந்து தலையின் நுனி வரை முறியாமல் ஓடுகிறது. ட்ரஸ் ராட் மரையை உடல் பக்கத்து முனையில் வைத்தார். கம்பிக்கு நட்டின் மேல் போதிய அழுத்தம் கிடைக்கவில்லை என்பதால், தலையில் ஒரு சின்ன உலோகப் பிடியைத் திருகிக் கம்பியைக் கீழே அழுத்தினார். அவ்வளவுதான். ஃபெண்டர் கிட்டார் மேடையிலிருந்து விழுந்தும் தலை ஒடியாமல் எழுந்து வருவதற்கு இதுவே காரணம்.

கிப்சன் நிறுவனத்துக்கும் இது தெரியாமல் இல்லை. 1960களின் நடுவில் சாய்வை 14 டிகிரியாகக் குறைத்தார்கள். அதனால் நாரின் நீளம் ஐந்திலிருந்து ஆறு சென்டிமீட்டராகக் கூடும். 1970 வாக்கில் அந்த மெலிந்த இடத்தில் மரத்தைக் கூடுதலாக விட்டு ‘வால்யூட்’ என்ற புடைப்பு வைத்தார்கள். பிறகு மஹாகனிக்குப் பதிலாக மூன்று மேப்பிள் பட்டைகளை ஒட்டிக் கழுத்து செய்தார்கள். பொறியியல் கண்ணோடு பார்த்தால் மூன்றும் சரியான திருத்தங்கள். ஆனால் பின்னிரண்டும் வந்தது, நிறுவனம் நார்லின் என்ற கூட்டு நிறுவனத்தின் கையில் இருந்த காலத்தில். அந்தக் காலத்துக் கிட்டார்களின் தரம் குறைந்துவிட்டது என்று வாசிப்பவர்கள் மனத்தில் பதிந்துபோயிற்று. அந்த மனக்கசப்பில் நல்ல திருத்தமும் அடிபட்டுப்போனது. 1980களின் தொடக்கத்தில் புடைப்பு போய்விட்டது, 17 டிகிரியும் திரும்பி வந்தது. 1959ஆம் ஆண்டுக் கிட்டாரைப்போல அப்படியே வேண்டும் என்று வாங்குபவர்கள் கேட்டார்கள். அந்த ஆண்டின் பலவீனத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். இதில் உற்பத்தியாளரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதிப் பொறுப்பு வாங்குகிற நம்முடையது.

ராக் இசையில் கிட்டாரை மேடையில் உடைக்கும் வழக்கமே ஒரு தலை ஒடிந்ததில்தான் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. 1964இல் லண்டனின் ஹாரோ பகுதியில் ரயில்வே டாவர்ன் என்ற விடுதியில் ‘தி ஹூ’ குழு வாசித்துக்கொண்டிருந்தது. கூரை தாழ்வு. பீட் டவுன்ஷெண்டின் ரிக்கன்பேக்கர் கிட்டாரின் தலை கூரையில் இடித்து உடைந்தது. கூட்டத்தில் எழுந்த சிரிப்பு அவருக்குப் பொறுக்கவில்லை. மிச்சத்தையும் மேடையிலேயே அடித்து நொறுக்கினார். நொறுங்கிய வாத்தியத்தைப் பார்த்து ஆரவாரம் செய்ய என்னால் முடிவதில்லை. தொழில் அப்படி. 2015இல் வந்த ‘தி ஹேட்ஃபுல் எய்ட்’ படத்துக்காக, மார்ட்டின் நிறுவனம் தன் அருங்காட்சியகத்திலிருந்து 1870களைச் சேர்ந்த கிட்டார் ஒன்றைக் கடனாகக் கொடுத்தது. படப்பிடிப்பில் போலிக் கிட்டாரை மாற்றி வைக்காமல் விட்டுவிட்டார்கள். நடிகர் கர்ட் ரஸ்ஸல், அது அசல் என்று தெரியாமல் தூணில் ஓங்கி அடித்துவிட்டார். ஒட்டவே முடியாத உடைப்பும் உண்டு. அது அப்படிப்பட்டது. இனிப் படப்பிடிப்புகளுக்குக் கிட்டார் தருவதில்லை என்று அந்த அருங்காட்சியகம் முடிவெடுத்ததில் ஆச்சரியம் ஏதும் இல்லை.

இனி வைத்தியத்துக்கு வருவோம்.

ஒடிந்தவுடன் செய்ய வேண்டிய முதல் காரியம் கம்பிகளைத் தளர்த்துவது. கீறலாக மட்டும் இருந்தாலும் அதேதான். 45 கிலோ இழுப்பில் நிற்கிற கீறல், இரவோடு இரவாக முழு ஒடிவாகிவிடும். அடுத்தது, சிராய்களைப் பொறுக்குவது. தீக்குச்சி முனை அளவு இருந்தாலும் அது அந்த இடத்துக்கே உரியது. வேறு எந்த மரமும் அதன் வடிவத்தில் பொருந்தாது. ஒரு தாளில் மடித்து வையுங்கள். உடைந்த முகங்களைக் கையால் தொடாதீர்கள். விரல் எண்ணெயும் வியர்வையும் நாருக்குள் இறங்கினால் பசை பிடிக்காது. இரண்டு துண்டையும் சேர்த்துச் சேர்த்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. சேர்க்கிற ஒவ்வொரு தடவையும் நுனி நார்கள் மடங்கி நசுங்குகின்றன. பிறகு எத்தனை கிளாம்ப் போட்டாலும் அந்த வாய் முழுதாக மூடாது. பெரும்பாலும் தலையின் முகப்பிலுள்ள மெல்லிய மர ஏடு மட்டும் அறுபடாமல் இரு துண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும். அதை அறுத்துவிடாமல் ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்தது.

இதற்கெல்லாம் மேலான வேண்டுகோள் ஒன்று: வீட்டில் இருக்கிற பசையை எடுத்து நீங்களே ஊற்றாதீர்கள். பதறாத காரியம் சிதறாது என்பது இங்கே அப்படியே பொருந்தும். நொடியில் ஒட்டுகிற சிறு குப்பிப் பசை, துண்டுகள் சரியாக உட்காரும் முன்பே இறுகிவிடும். அரை மில்லிமீட்டர் விலகி இறுகினால் விலகியதுதான். மேசை நாற்காலிக்குப் போடுகிற வெள்ளைப் பசை அன்றைக்கு நன்றாகப் பிடித்ததுபோலத் தெரியும். ஆனால் ஓயாத இழுப்பின் கீழ் அது மெல்ல மெல்ல நகரும் தன்மை உடையது. சில மாதத்தில் கீறல் மறுபடி தெரியும், கம்பி உயரம் மாறும். இரண்டு குழாயைக் கலந்து பூசுகிற எபாக்சி பலமானதுதான். இடைவெளி நிரப்பவும் செய்யும். ஆனால் அது மரத்தின் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. அந்த ஒட்டு பிசகிப்போனால் அடுத்தவர் வைக்கிற பசைக்கு நாரே கிடைக்காது. முன்பு வைத்த பசையைச் சுரண்டி எடுக்கப் போனால் உடைந்த முகத்தின் வடிவமும் சேர்ந்து போய்விடும். என் மேசைக்கு வருகிற கடினமான வேலைகள் இரண்டாவது ஒட்டுக்கு வந்தவைதான்.

உடைப்பைப் படிக்க வேண்டும். நார் வாக்கில் நீளமாக, சாய்வாக, நட்டுக்கு அருகே தொடங்கித் தலையின் முகப்பில் கீகளுக்கு நடுவே போய் முடிகிற உடைப்பு நல்ல உடைப்பு. அதன் முகத்தில் நார்கள் படுத்துக் கிடக்கும். இரண்டு பக்கமும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும். பசையின் பரப்பும் பெரியது. சரியாக ஒட்டினால் பசைக்கோடு பக்கத்து மரத்தைவிட உறுதியாக நிற்கும். நட்டுக்குப் பின்னால் நேர்க்குறுக்காக, குட்டையாக முறிந்திருந்தால் வேறு கதை. அங்கே நார்களின் வெட்டுமுனைகள்தான் எதிரெதிராக நிற்கின்றன. வெட்டுமுனையில் எந்தப் பசையும் நிலைத்து நிற்காது.

நல்ல உடைப்புக்கு நான் விரும்புவது நம் தச்சர்கள் அறிந்த வச்சிரப் பசையை. விலங்குத் தோலிலிருந்து எடுப்பது. வயலினும் பியானோவும் நூற்றாண்டுகளாக இதில்தான் நிற்கின்றன. கட்டிகளை நீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துச் சுமார் 60 டிகிரி செல்சியஸில் உருக்க வேண்டும். கொதிக்கவிட்டால் அதன் பலம் போய்விடும். காயக் காய அது சுருங்கி இரண்டு பக்கத்தையும் தன்னோடு இழுத்துக்கொள்கிறது. இழுப்பின் கீழ் நகர்வதில்லை. பின்னால் திறக்க நேர்ந்தால் சூடும் ஈரமும் கொடுத்தால் இளகும். புதிதாக வைப்பது பழையதோடு சேர்ந்துகொள்ளும். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் 1969இல் க்ரிஃபன் என்ற கடையைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃப்ராங்க் ஃபோர்ட், இப்படிப்பட்ட ஒட்டு வேலைகளைப் படிப்படியாகப் படம் எடுத்து, யாரும் கற்கும்படி வெளியிட்டார். தொழில் ரகசியம் என்று மூடி வைக்காமல் கற்றுக்கொடுத்தவர்களுக்கு இந்தத் தொழில் என்றும் கடன்பட்டிருக்கிறது.

வச்சிரத்தின் கஷ்டம் ஒன்றுதான்: நேரம் தராது. ஒரு நிமிடத்துக்குள் குளிர்ந்து கூழாகத் தொடங்கும். அதனால் ஒட்டுவதற்கு முன் பசையே இல்லாமல் முழு ஒத்திகை பார்க்க வேண்டும். கிட்டாரைச் சாய்த்துப் படுக்க வைத்து, ட்ரஸ் ராட் மரையைத் தளர்த்துகிறேன். ராடில் பசை ஒட்டிவிடாமல் அதன்மேல் கொஞ்சம் மெழுகு. கழுத்தின் முதுகு உருண்டை. தட்டையான கட்டையை வைத்து இறுக்கினால் வழுக்கும். ஆகவே அந்த வளைவுக்கே செதுக்கி, உள்ளே கார்க் ஒட்டிய தாங்குகட்டை ஒன்று வேண்டும். முகப்புப் பக்கம் தட்டையான கட்டை. சாய்வான உடைப்பை மேலும் கீழும் அழுத்தினால் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கப் பார்க்கும். அதைத் தடுக்கத் தலையின் நுனியிலிருந்து உடலை நோக்கி நீளவாக்கில் மெல்லிய ஓர் இழுப்பும் கொடுக்க வேண்டும். பசை இல்லாமல் இறுக்கியபோது கோடு மயிரிழையாக மூடுகிறதா, நட் உட்காரும் மேடை நேராக இருக்கிறதா, விரல் நகத்தை இரண்டு திசையிலும் ஓட்டினால் தடை இல்லையா என்று பார்த்த பிறகே பாத்திரத்தை அடுப்பில் வைப்பேன்.

பிறகு விளக்கின் சூட்டில் மரத்தை இதமாக வெதுவெதுப்பாக்கி, உடைப்பைக் கொஞ்சமாகத் திறந்து, தூரிகையாலும் மெல்லிய தகட்டாலும் ஆழத்தின் கடைசி மூலை வரை பசையைத் தள்ளி, மூடி இறுக்குவது. கோட்டின் முழு நீளத்திலும் பசை பிதுங்கி வெளியே வரவேண்டும். வராத இடத்தில் உள்ளே பசை இல்லை என்று பொருள். பிதுங்கியதை வெந்நீர்த் துணியால் துடைத்துவிட்டு, ஒரு முழு நாள் தொடாமல் விட வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் நம் ஊர்க் காற்றே ஈரமாக இருக்கும்போது இன்னும் இரண்டு நாள் கூடுதலாக விடுவேன். வச்சிரம் பழகாதவர்கள் மஞ்சள் நிற மரப்பசையை நம்பலாம். உலகின் பல நல்ல பட்டறைகள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் அதற்கு வெப்பம் ஆகாது. சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் சூடு 60 டிகிரியை நெருங்கும்; அந்தச் சூட்டில் அதன் பிடி தளரும். காய்ந்த வச்சிரம் வறண்ட சூட்டைத் தாங்கும், சூடும் ஈரமும் சேர்ந்தால் அதுவும் இளகும். எந்தப் பசையானாலும் கிட்டாரைக் காரில் விட்டுப் போகாதீர்கள்.

குட்டையாக ஒடிந்ததும், மரம் காணாமல் போனதும், முன்பு தவறாக ஒட்டப்பட்டதும் பசையை மட்டும் நம்பி விடக்கூடியவை அல்ல. அவற்றுக்கு நார் கொடுக்க வேண்டும். ஒட்டிய பிறகு ட்ரஸ் ராடின் இரு பக்கமும் உடைப்பைத் தாண்டிப் போகும்படி ரௌட்டரால் இரண்டு காடிகள் எடுத்து, அவற்றில் நீள நார் உள்ள மரப்பட்டைகளை இறுக்கமாகப் பதித்து, கழுத்தின் உருண்டைக்கு இழைத்துவிடுவது ஒரு முறை. தலையின் முதுகிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் சீவி எடுத்துவிட்டு, ஒரே மர ஏட்டைச் சூட்டில் வளைத்து, தலையிலிருந்து கழுத்து வரை உடைப்பின்மேல் போர்த்தி ஒட்டுவது இன்னொன்று. இரண்டாவதில் நார் அந்த வளைவிலேயே திரும்பிப் போகிறது. முதல் நாளே இல்லாமல் போன உறுதி இப்போதுதான் கிடைக்கிறது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பழைய கிப்சன்கள் பலவற்றில் வரிசை எண் தலையின் முதுகில் இருக்கிறது. ஏடு போர்த்தினால் எண் போய்விடும். வயதான வாத்தியத்தின் அடையாளத்தை அழிப்பதா, வலுவைக் கூட்டுவதா என்று உடைமைக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் கேட்காமல் இழைப்புளியை எடுக்கிறவரிடம் கிட்டாரைக் கொடுக்காதீர்கள்.

பூச்சு வேலை பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. பழைய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரில் புதுப் பூச்சு கரைந்து ஒன்றாகிவிடும். இக்காலத்துப் பாலியூரிதேன் பூச்சில் விளிம்பு தெரிந்தே தீரும். ஒட்டை மறைக்க அந்த இடத்தில் கருமை ஏற்றித் தெளிப்பது வழக்கம். அதற்காகும் செலவு பல நேரம் ஒட்டுக்கான கூலியைத் தாண்டிவிடுகிறது. கைக்கு வழவழப்பாக இருந்தால் போதும், மெல்லிய கோடு தெரியட்டும் என்பதே என் கட்சி. வாசிக்கிறவர் நம்பி வாசிக்கவும், பின்னால் வாங்குகிறவர் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் அந்தக் கோடு உதவும்.

விலையையும் சொல்லியாக வேண்டும். சேகரிப்பாளர்கள் சந்தையில், தலை ஒட்டிய பழைய கிட்டார் ஒடியாத அதே கிட்டாரின் பாதி விலைக்குப் போவது சாதாரணம். எத்தனை திறமையாக ஒட்டினாலும் அந்த விலை திரும்பாது. பெட்டிக்குள் பூட்டி வைப்பவருக்கு இது நஷ்டம். வாசிக்கிற பிள்ளைக்கு இது வாய்ப்பு. நன்றாக ஒட்டிய ஒரு நல்ல பழைய கிட்டாரின் ஒலியில் குறை கண்டுபிடிக்கச் சொன்னால் கண்ணைக் கட்டிக்கொண்டு யாராலும் முடியாது என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் மறைத்து விற்கிறார்கள் என்பதுதான் வேதனை. கடையில் பழைய கிட்டாரைக் கையில் எடுத்தால் முதலில் திருப்புங்கள். நட்டின் பின்பக்கம் மட்டும் பூச்சு தடித்தோ கருத்தோ இருக்கிறதா, ஒளியைச் சாய்த்துப் பிடித்தால் குறுக்கே ஒரு நிழல் விழுகிறதா என்று பாருங்கள். புற ஊதா விளக்கின் கீழ் பழைய லாக்கரும் புதுப் பூச்சும் வேறு வேறாகத் தெரியும்.

ஊர் விட்டு ஊர் போகும் கலைஞர்களுக்கு ஒரு வார்த்தை. விமானத்தில் பெட்டியோடு ஏற்றிவிட்டாலும், கம்பிகளை ஒன்றிரண்டு சுரம் இறக்கிவிட்டு, தலையின் மேலும் கீழும் மடித்த துணியை அடைத்து, அது ஆடாதபடி வையுங்கள். ஒரு பழைய வேட்டி போதும். வீட்டில் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். பல தலைகள் ஒடிவது மேடையில் இல்லை, வீட்டுச் சுவரோரம்தான்.

இத்தனைக்கும் பிறகு ஒடிந்துவிட்டால், கம்பியைத் தளர்த்துங்கள், சிராய்களைப் பொறுக்கித் தாளில் மடியுங்கள், பசைக் குப்பியைத் தொடாமல் ஒட்டத் தெரிந்தவரிடம் அப்படியே கொண்டுபோங்கள். ஒட்டியதைப் பின்னாளில் விற்க நேர்ந்தால், வாங்குபவர் கேட்கும் முன்பே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். இந்த இரண்டையும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.